நாலாவது கேள்வி: செட்டியாரா?

போன மாதம் கார்த்திகாவிடமிருந்து போன் வந்தது. நான் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையில், இப்போது என் இடத்தில் மயக்க மருந்து டெக்னீசியனாக இருப்பவள். லஸ் பக்கம் இருக்கிற மருத்துவமனை. பெயர் வேண்டாம்.

"அக்கா, காகித ஃபாரத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கேக்குற கேள்விங்க இருக்குல்ல, அதுல 'செட்டியாரா, ஆம், இல்லை'ன்னு ஒரு கட்டம் போடலாமான்னு புது டாக்டர் கேக்குறாரு. பழைய ஃபாரத்துல அந்தக் கேள்விய யாரோ கோடு போட்டு அடிச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா இங்க ஒருத்தருக்கும் தெரியல."

"அடிச்சது நாந்தான். கட்டம் கிட்டம் போட்டீங்க, நேர்ல வந்து கம்ப்யூட்டரையே அடிப்பேன்," என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையில்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அம்மா அடையாறில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். புது வீட்டில் வேலைக்குப் போனால் பேரைக் கேட்பதற்கு முன்னால் சாதியைக் கேட்பார்கள். பதிலைப் பொறுத்துத்தான் சமையலறை வரை போகலாமா, கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டுமா என்பது முடிவாகும். அம்மா இதை வீட்டில் வந்து சொல்ல மாட்டாள். கூட ஒத்தாசைக்குப் போன நான் பார்த்திருக்கிறேன். யார் எங்கே சாதி கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மந்தைவெளியில் பள்ளிப் படிப்பு, பிறகு ஒரு வருடம் டெக்னீசியன் பயிற்சி. முடித்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்த முதல் நாளே அந்தக் கேள்வி காதில் விழுந்தது.

கேட்டவர் டாக்டர் வரதராஜன், எங்கள் மயக்க மருத்துவர். மயிலாப்பூர் மாட வீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான மனிதர். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். ஸ்ட்ரெச்சரில் வந்த நோயாளியின் தலைமாட்டில் நின்று, எப்போதும் ஒரே வரிசையில் நாலு கேள்வி கேட்பார்.

"கட்டின பல் இருக்கா? இளைப்பு உண்டா? கடைசியா எப்ப சாப்ட்டேள்? நீங்க செட்டியாரா?"

நாலும் ஃபாரத்திலேயே அச்சடித்திருந்தது. பதிலை நான் எழுத வேண்டும். மூன்றுக்கு எழுதிவிட்டு நாலாவதில் பேனாவை நிறுத்தினேன். அன்று மாலை அவரிடமே கேட்டுவிட்டேன். "ஏன் சார், மயக்க மருந்து குடுக்க எதுக்கு சார் சாதி?"

கோபப்படவில்லை. "நான் சாதி கேக்கலைம்மா. மருந்து கேக்கறேன்," என்றார்.

மயக்கம் கொடுத்ததும் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் இறக்க வேண்டும். அதற்கு உடம்பின் தசையெல்லாம் தளர வேண்டும். தளர்த்துவதற்கு ஒரு ஊசி உண்டு, தியேட்டரில் ஸ்கோலின் என்போம். போட்ட அரை நிமிடத்தில் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கும். மூச்சு விடும் தசையும் நின்றுவிடும். நாம் ஆக்சிஜன் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுப்போம். ரத்தத்தில் இருக்கிற ஒரு நொதி அந்த மருந்தைக் கரைத்துவிட, ஐந்து நிமிடத்தில், மிஞ்சினால் பத்து நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும். சிலருக்கு மட்டும் அந்த நொதி பிறவியிலேயே மந்தம். மணிக்கணக்கில் மூச்சு வராது. அதுவரை பையை விட்டால் ஆள் போய்விடுவார்.

தெலுங்கு பேசுகிற ஒரு வணிகச் சமூகத்தில் இந்த மந்தம் கொஞ்சம் அதிகம் என்பது நம் ஊர் மயக்க மருத்துவர்களுக்கெல்லாம் தெரிந்த சேதி. அந்தச் சமூகத்தையும் இங்கே பொத்தாம்பொதுவாகச் செட்டியார் என்றுதான் சொல்கிறோம். டாக்டர் இளைஞராக இருந்தபோது அப்படி ஒருவர் அவர் கையில் மாட்டிக்கொண்டு, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினாராம். அன்றிலிருந்து நாலாவது கேள்வி. அது வீண் என்றும் சொல்ல மாட்டேன். தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் "ஆமா" என்று சொல்ல, ஸ்கோலினைத் தவிர்த்தோம்; பிறகு ரத்தம் பார்த்தால் நொதி பாதாளத்தில் கிடந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

டாக்டரின் வேலை அப்படிச் சுத்தம். ஊசிகளில் மருந்தை ஏற்றி, பிளாஸ்டரில் பெயர் எழுதி ஒட்டி, இடமிருந்து வலமாக நான் அடுக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வார். இயந்திரத்தை நம்ப மாட்டார், ஒரு கை எப்போதும் பையில் இருக்கும். "பை பேசும் சரோஜா, உத்துக் கேளு," என்பார். ஆபரேஷன் முடிந்ததும் நோயாளி தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அதுவரை அவர் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார், அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஆள் வந்து நின்ற அன்று கூட நகரவில்லை.

ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் ஆரம்பத்திலிருந்தே கோணல். ஒரு முறை எங்கள் மந்தைவெளி மளிகைக்கடைக்காரர் கையில் கட்டியோடு வந்தார். "செட்டியாரா?" "ஆமா சார்." உடனே ஸ்கோலின் ரத்து. மெதுவாகக் கரைகிற வேறு மருந்து போட்டு, பத்து நிமிட வேலைக்கு மனிதர் ஒன்றரை மணி நேரம் படுத்துக் கிடந்தார். எழுந்ததும் நான்தான் கேட்டேன், "நீங்க எப்ப செட்டியார் ஆனீங்க?" அவர் சாவகாசமாகச் சொன்னார்: "கடைய ஒரு செட்டியார்கிட்டேர்ந்து வாங்கினேன்மா. 'செட்டியார் கடை, செட்டியார் கடை'ன்னு பேரு என் தலைல ஏறிக்கிச்சு. எல்லாரும் அப்டித்தான் கூப்புட்றாங்கோ, நானும் ஆமான்னேன்."

டாக்டருக்கு அசடு வழிந்தது. தியேட்டரே ஒரு வாரம் சிரித்தது. அதற்கப்புறம் எண்ணெய் ஆட்டுகிற செட்டியார் வந்தார், நெசவு செய்கிற செட்டியார் வந்தார், காரைக்குடிக்காரர் வந்தார். ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுக்காதவர்கள், பேச்சு வேறு, ஊர் வேறு. எல்லாருக்கும் சேர்த்து எங்கள் ஃபாரத்தில் ஒரே கட்டம். அன்றைக்கே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு ஷமீம் விலை கொடுத்தாள்.

அது நடந்து பதினைந்து வருடம் இருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் ஆரி வேலை செய்கிற பெண். முப்பது வயது. ரவிக்கையில் மணி தைக்கும்போது குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கம். யாரோ கூப்பிட்டு, பதில் சொல்ல வாயைத் திறந்ததும் ஊசி உள்ளே போய்விட்டது. எக்ஸ்ரேயில் உணவுக்குழாயின் மேல்பக்கம் குறுக்கே நின்றது. பகல் பன்னிரண்டு மணிக்கு தியேட்டருக்கு வந்தாள்.

டாக்டர் நாலு கேள்வியைக் கேட்டார். நாலாவதுக்கு அவள் விழித்தாள். "நாங்க முஸ்லிம் சார்." அவர் தலையை ஆட்டினார். நான் 'இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும்.

மயக்கம், ஸ்கோலின், டியூப். எட்டு நிமிடத்தில் சர்ஜன் ஊசியை எடுத்து கிண்ணத்தில் போட்டார். டாக்டர் மயக்க வாயுவை நிறுத்திவிட்டு ஆக்சிஜனை மட்டும் வைத்தார். மூச்சு வர வேண்டும். பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை. அமுக்கினேன், விட்டேன், காத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடம், பதினைந்து, இருபது. நாடி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது நொதி கேஸ்தான்," என்றார். சர்ஜன், "முஸ்லிம் பொண்ணுக்கு எப்படி சார் செட்டியார் வியாதி?" என்று கேட்டார். டாக்டர் யோசிக்காமல் சொன்னார், "எங்கேயோ ஒரு தலைமுறைல கலந்திருக்கணும். அவா அம்மாவைத்தான் கேக்கணும்." சர்ஜன் சிரித்தார். அவர் உதவியாளரும் சிரித்தார்.

நான் ஷமீமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி பிளாஸ்டர் ஒட்டியிருந்த இமையின் ஓரத்திலிருந்து கண்ணீர் இறங்கி காதுக்குள் போனது.

"சார்! முழிச்சுக்கினு இருக்கு சார் இந்தப் பொண்ணு!" என்று கத்தினேன்.

அடுத்த பத்து விநாடியில் டாக்டர் தூக்க ஊசி போட்டார். ஊசி ஏறுகிறவரை நான் அவள் காதோரம் குனிந்து, "ஷமீம், மருந்து இன்னும் இறங்கல. உன் மூச்ச நான் விட்டுக்கினு கீறேன். கைய எடுக்க மாட்டேன். பயப்படாத," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சின்ன தியேட்டரில் வென்டிலேட்டர் கிடையாது. மூன்று மணி வரை கையால்தான் அமுக்கினேன். டாக்டர் மாற்றிக்கொள்கிறேன் என்றார், கொடுக்கவில்லை. மூன்று அடித்துப் பத்து நிமிடத்தில் பையில் ஒரு சின்ன அசைவு வந்தது. ஐந்து மணிக்குத் தலையைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்தாள்.

பேச வந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை: "எங்கம்மாவப் பத்தி இன்னாக்கா சொன்னாரு அந்த டாக்டரு?"

ஈரத் துணியால் அவள் காதோரத்தைத் துடைத்துவிட்டேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. சர்ஜனின் உதவியாளன் வராந்தாவில் அவள் கணவனிடம், "இது செட்டியாருங்க வியாதிங்க, உங்க வீட்டுல எப்படி வந்துச்சோ," என்று வாயை விட்டிருக்கிறான். அது வீட்டுக்குப் போய், அங்கிருந்து பாலவாக்கம் வரை போய்விட்டது. பாலவாக்கத்தில்தான் ஷமீமின் தங்கை நஸ்ரீனைக் கட்டிக் கொடுத்திருந்தது. நஸ்ரீன் அப்போது ஆறு மாதக் கர்ப்பம்.

இந்தக் குறை அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பிரசவத்தில் அவசரமாக வயிற்றைக் கிழிக்க வேண்டி வந்து முழு மயக்கம் கொடுத்தால், எந்த டாக்டரும் முதலில் கையில் எடுப்பது ஸ்கோலின்தான். அதனால் நஸ்ரீனின் ரத்தத்தை உடனே பார்க்க வேண்டும். ஷமீம் தையல் வேலைக்குத் திரும்பிய வாரம் அவளுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

"வேணாங்கா," என்றாள். "அவ மாமியா ஜைத்தூன் பீ இன்னா சொல்லுது தெரியுமா? 'ரத்தம் பாத்தா உங்கம்மா வண்டவாளம் வெளிய வந்துரும், அந்த அசிங்கம் எம் மருமவ மேல வேணாம்'னுது. அம்மா சோறு துன்னு நாலு நாளாவுது. எங்க அப்பா கடைக்கே போவல."

போனை வைத்தேன். நேராக டாக்டர் அறைக்குப் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை.

"சார், நீங்க சொன்னத அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு. இப்ப அவங்க அம்மா சோறு தின்னாம கிடக்காங்க. தங்கச்சி வயித்துல புள்ளையோட சாவக் காத்துக்கினு இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம அந்தப் பொண்ண இன்னா சார் கேட்டோம்? செட்டியாரான்னு கேட்டோம். ஒங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களான்னு கேட்டோமா? ஆபரேஷன்ல ஒங்க வீட்ல யாராச்சும் மூச்சு வர லேட்டானாங்களான்னு கேட்டோமா? நான் ஷமீம கேட்டுட்டேன். அவங்க அப்பாவும் அம்மாவும் அத்த புள்ள, மாமன் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படின்னா..." என்று ஆரம்பித்து, தானே முடித்தார். "ஒரே தாத்தாகிட்டேர்ந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கும். ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் இது வரும். செட்டியாருக்கும் அப்படித்தானே வருது. இது யாருக்கு வேணாலும் வருமேம்மா." சட்டையை மாட்டிக்கொண்டார். "ஆட்டோ கூப்பிடு."

சிந்தாதிரிப்பேட்டையில் அவர்கள் வீடு இரண்டாம் மாடி. கீழே அப்பா காதர் பாயின் பைண்டிங் கடை, பூட்டிக் கிடந்தது. செங்குத்துப் படியில் டாக்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினார். உள்ளே காதர் பாய், அவர் மனைவி மெஹ்ருன்னிசா, ஷமீம். கிளம்பும் முன் நான் போனில் சொல்லியிருந்தபடி நஸ்ரீனையும் ஜைத்தூன் பீயையும் வரவழைத்திருந்தார்கள். ஜைத்தூன் பீ கதவோரம், எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் மெஹ்ருன்னிசாவுக்கு எதிரே நின்று கையைக் கூப்பினார். "அம்மா, நான் சொன்னது தப்பு. தப்புன்னா அறியாமை இல்லை. படிச்சவன் யோசிக்காம பேசின திமிர். என்னை மன்னிக்கணும்."

மெஹ்ருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

டாக்டர் விளக்கினார். கர்ப்பத்தில் இந்த நொதி எல்லாப் பெண்களுக்கும் தானாகவே கொஞ்சம் இறங்கும், அதனால் நஸ்ரீன் ரத்தத்தை மட்டும் பார்த்தால் குழப்பம் வரலாம், பெற்றவர்கள் இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது என்றார். "பெத்தவங்க" என்றதும் ஜைத்தூன் பீ செருமினார்.

மெஹ்ருன்னிசா அப்போதுதான் வாயைத் திறந்தார். "முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணிட்டு, எம் மானத்த ஊசி வெச்சு குத்திப் பாக்கணுமா?"

நான் சொன்னேன், "ஒங்க மானத்துக்கு இல்லம்மா. அதுக்கு ஒரு பேப்பரும் வேணாம். நஸ்ரீன் மூச்சுக்கு. நான் மூணு மணி நேரம் ஷமீமுக்கு மூச்சு விட்டேன். நஸ்ரீனுக்கு விட எவளாச்சும் பக்கத்துல இருப்பாளான்னு எனக்குத் தெரியாது."

காதர் பாய் எழுந்தார். சட்டைக் கையை மடித்தார். பசை காய்ந்து வெளுத்துப்போன விரல்கள். "மொதல்ல என்துல எடும்மா," என்றார். "எம் பொண்ணுங்க ஒடம்புல இன்னா கீதோ அது எங்கிட்டேர்ந்தும்தான் வந்திருக்கும். எடு."

ஐந்து பேர் ரத்தம் எடுத்தேன்: அப்பா, அம்மா, ஷமீம், நஸ்ரீன், கடைசிப் பிள்ளை இக்பால். எட்டாம் நாள் முடிவு வந்தது. அப்பாவுக்கு நொதி பாதி அளவு, அம்மாவுக்கும் பாதி. இருவரிடமும் அந்த நொதிக்கான மரபணுவில் ஒரு நல்ல பிரதி, ஒரு மந்தப் பிரதி. ஷமீமுக்கும் நஸ்ரீனுக்கும் இரண்டுமே மந்தம். இக்பாலுக்கு இரண்டுமே நல்லது. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே மதம், ஒரே சாதி, ஒரே இனம், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அக்கா தங்கைக்கு அந்த மருந்து எமன், தம்பிக்கு ஒன்றுமில்லை. ஃபாரத்தில் எந்தக் கட்டம் அடித்தால் இது தெரிந்திருக்கும்?

டாக்டர் நஸ்ரீனுக்கு அட்டை எழுதினார். முதலில் அவர் பழக்கதோஷத்தில் "சமூகம்" என்று ஆரம்பித்தார். நான் "சார்" என்றேன். அடித்துவிட்டு வேறு அட்டை எடுத்தார். மருந்தின் பெயர், கொடுக்கக் கூடாது என்ற வரி, கீழே: "தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் வந்த பிறவிக் குறை." அதே மேசையில் கிடந்த ஃபாரக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, நாலாவது கேள்வியை நான் கோடு போட்டு அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க என்ன எழுதப் போற?" என்றார். எழுதினேன்: "ரத்த சொந்தத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வரத் தாமதமானதா? பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா?" கட்டு முழுக்க நானே அடித்து எழுதினேன். கை கடுத்தது, பரவாயில்லை என்று எழுதினேன்.

அட்டையைக் கொடுக்கப் போனபோது மெஹ்ருன்னிசா, தனக்குத் தமிழ் படிக்க வராது, சத்தமாகப் படி என்றார். படித்தேன். "இன்னொரு தரம், அந்தக் கடைசி வரி," என்றார், ஜைத்தூன் பீயைப் பார்த்தபடி. "தந்தை வழியாகவும் தாய் வழியாகவும்" என்று மறுபடி படித்தேன். ஜைத்தூன் பீ தலை குனிந்தார். மெல்ல நகர்ந்து வந்து மெஹ்ருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அட்டையைத் தன் சுருக்குப் பையில் போட்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் ஷமீம் போன் செய்தாள். அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். நஸ்ரீனுக்கு நாள் முந்தி வலி வந்து, பாலவாக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நர்ஸிங் ஹோமுக்கு ஓடியிருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, முதுகில் ஊசி போட்டுக் காத்திருக்க நேரமில்லை, முழு மயக்கம்தான் என்று ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஜைத்தூன் பீ செருப்போடு தியேட்டருக்குள் பாய்ந்துவிட்டார். நர்ஸ் பிடித்து இழுக்க இழுக்க, "ஸ்கோலின் போடாத! எம் மருமவளுக்கு ஸ்கோலின் ஆவாது!" என்று ஒரே கூச்சல்.

சின்ன வயசு மயக்க டாக்டர். ஊசி கையில் இருந்ததாம். திரும்பிப் பார்த்து, ஜைத்தூன் பீயின் புர்காவைப் பார்த்து, குழம்பிப்போய்க் கேட்டாராம்: "ஏம்மா, நீங்க என்ன செட்டியாரா?"

"யாரா இருந்தா ஒனக்கு இன்னா நைனா?" என்று சுருக்குப் பையை அவிழ்த்து நீட்டினாராம் ஜைத்தூன் பீ. "கார்டப் படி மொதல்ல!"

படித்தார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறு மருந்தை எடுத்தார்.